புறாவின் குரலில் அப்பா

சாவோ தோமே,
9 டிசம்பர் 1999

அன்புள்ள சுல்மீரா அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. பக்கத்து வீட்டு சிமாவ் சுட்டதாகத்தான் உனக்குச் செய்தி வந்திருக்கும். அவர் இல்லை. அடெரிட்டோ அண்ணன்.

பறவை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆறு நாளில் நம் தீவுப் பறவைகளை எல்லாம் பார்த்துவிட்டார்கள். கருஞ்சிவப்புப் புறா மட்டும் பாக்கி. அதற்காகக் கடைசி நாள் அப்பா அவர்களை மலைமுகட்டுக்கு அழைத்துப் போனார். அப்பா கண்ணில் படாமல் வேட்டைக்குப் போக, அண்ணன் கிளம்பும்போது வழக்கம்போல என்னைக் கேட்டான்.

"கெழவன் இன்னிக்கு எந்தப் பக்கம்டி?"

தூக்கக் கலக்கத்தில் "ஆத்துப் பக்கம்" என்றேன். அவன் முகட்டுக்குப் போய்விட்டான்.

அப்பா புதருக்குள் குந்தி, புறா மாதிரிக் குரல் கொடுத்திருக்கிறார். நிஜப் புறாவே ஏமாறும் குரல். அண்ணனும் ஏமாந்து, இலை அசைந்த இடத்தில் சுட்டுவிட்டான். மாலையில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சத்தியமா புறான்னு நெனச்சேன் தெலிந்தா."

எப்போதும் முகட்டில் சுடுகிறவர் சிமாவ்தான் என்று அப்பா சொல்ல, போலீஸ் அவரைப் பிடித்துப் போய்விட்டது. நான் என்ன செய்ய?

உன் தெலிந்தா

லிஸ்பன்,
20 டிசம்பர் 1999

என் செல்லமே,

படித்ததும் கிழித்துப் போட்டேன். நீ வாயைத் திறக்காதே. கண் போனதை அப்பா தாங்கிக்கொண்டார்; சுட்டது மகன் என்றால் தாங்கமாட்டார். சிமாவ் எப்படியும் வெளியே வந்துவிடுவார். உன்மேல் தப்பில்லை. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போ.

முத்தங்களுடன்,
அக்கா

சாவோ தோமே,
2 ஜனவரி 2000

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. இன்று சாப்பாட்டு நேரத்தில் சிமாவின் மனைவி வந்து நின்றாள். அண்ணன் மீனில் முள் எடுத்து அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்கு வந்தே? ஒம் புருஷன் சுட்ட கண்ணு மொளைச்சிருச்சான்னு பாக்கவா?" என்றார் அப்பா.

"அன்னிக்கு அவரு காய்ச்சல்ல கெடந்தாரு. ஒங்க மகதான் கஞ்சி கொண்டாந்து குடுத்துச்சு. அதையே கேளுங்க."

அப்பா முகத்தை என் பக்கம் திருப்பினார். "அப்படியாம்மா?"

அண்ணனின் கை நின்றுவிட்டது. "ஞாபகமில்லப்பா" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை அக்கா. சும்மா பார்த்துவிட்டுப் போனாள்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முள்ளை

கதவைத் தட்டுகிறார். அப்பாதான்.

"மண்ணெண்ணெ வெளக்கு வாசம் வருது. நீயும் தூங்கலையா? தெறம்மா. அவ சொன்னது மனச அறுக்குது."

நான் சொல்லிவிடுகிறேன் அக்கா. கதவைத்