பிடியரிசிப் பானை விஷயமாக

விண்ணப்பதாரி:
ஸ்ரீமதி ஞானாம்பிகை பஞ்சலிங்கம்,
உதவி உபாத்தியாயினி (வேலையினின்று நிறுத்தி வைக்கப்பட்டவர்),
அச்சுவேலி தெற்கு.

சமுகம்:
வித்தியாதரிசி அவர்கள்,
கல்விக் கந்தோர்,
யாழ்ப்பாணம்.

விஷயம்: உபாத்தியாயர் சங்கத்துக்குப் பிடியரிசி சேர்த்த காரணத்தால் என்னை வேலையினின்று நிறுத்தியது பற்றி. மூன்றாவது மனு.

கனம் ஐயா,

1. இதே விஷயமாக மாசி மாதம் ஒரு மனுவும் பங்குனித் தொடக்கத்தில் ஒரு மனுவும் தங்களுக்கு எழுதினேன். முதலாவது கிடைத்ததென்று ஓர் அட்டை வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். எனக்கோ ஆறு கிழமையாக வேலையே இல்லாதபடியால் எழுதுவதற்கு நேரமிருக்கிறது.

2. பதினேழு வருஷமாக இப்பாடசாலையில் கீழ்வகுப்புகளுக்குப் படிப்பித்து வருகிறேன். என் கணவர் மலாயாவுக்குப் போய் ஆறு வருஷம். கடைசி நாலு வருஷமாகக் கடிதமும் இல்லை. பிள்ளைகள் இருவரும் நானும் இந்த உத்தியோகத்தை நம்பியே இருக்கிறோம்.

3. எங்கள் பகுதி உபாத்தியாயர் சங்கம் இரண்டு கோரிக்கைகளை வைத்தது. எங்கள் சம்பளம் பாடசாலைகளை நடத்தும் மனேஜர்மார் கையால் வராமல் அரசாங்கத்திலிருந்து நேரே வர வேண்டும். விசாரணை இல்லாமல் ஒருவரை வேலையால் நிறுத்தக் கூடாது. இதைக் கொழும்புக்குப் போய் அரசாங்கசபை அங்கத்தவர்களிடம் சொல்ல இரண்டு பேரைத் தெரிவு செய்தோம். அவர்களுடைய பயணச் செலவை மனமுள்ளவர்கள் கொடுப்பதென்று முடிவாயிற்று. காசாகக் கேட்டால் கொடுக்க இயலாதவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே கூசுவார். ஆகையால் பிடியரிசி சேர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

4. தாங்கள் வெளியூர் என்றபடியால் இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்துச் சந்நிதி கோயில் மடத்து அன்னதானத்துக்கென்று ஒரு பானையில் போடுவார்கள். எவர் போட்டார், எவ்வளவு போட்டார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கேட்பதும் மரியாதையல்ல. அரிசி இல்லாத நாளில் போடாமல் விடுவார்கள். அதுவும் வெளியே தெரியாது. அந்த முறைப்படியே பாடசாலைத் தையல் அறை மூலையில் ஒரு பானை வைத்து, வாயைத் துணியால் மூடிக் கட்டி, கை போகுமளவுக்கு நடுவில் கிழித்துவிட்டேன். மாதக் கடைசியில் சங்கத்தார் அரிசியைச் சந்தையில் விற்றார்கள்.

5. இதில் நான் செய்த பிழை ஒன்றுண்டு. முந்திய மனுக்களில் அதை எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பானையை வைத்தபோது, வீட்டுப் பழக்கத்தில், அதற்கு மூன்று குறி திருநீறும் பூசிவிட்டேன். தைப்பொங்கல் முடிந்து பாடசாலையைப் பார்வையிட வந்த மனேஜர் சிவசுப்பிரமணியம் அவர்கள் திருநீற்றைக் கண்டு நின்றார். “சந்நிதியானுக்கோ ரீச்சர்? முந்தியே சொல்லியிருக்கலாமே” என்றார். நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்கு ஆள் அனுப்பி அரிசி எடுப்பித்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரு கையாலும் அள்ளிப் போட்டுக் கும்பிட்டார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவருடைய அரிசியும் அம்மாதமே விலைப்பட்டுக் கொழும்பு ரயிலேறிவிட்டது.

6. எங்கள் ஆட்கள் இருவரும் கொழும்பில் கொடுத்த மகஜரைப் பற்றிப் பத்திரிகையில் வந்தபோது, பிடியரிசி விற்று வந்தவர்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. மாசி 14ந் திகதி மனேஜர் அவர்கள் பானையைப் பறிமுதல் செய்து, அன்றே என்னைப் பாடசாலைப் படலைக்குள் வரக் கூடாதென்று கட்டளையிட்டார். உபாத்தியாயர்களை நான் வெருட்டி அரிசி வாங்கியதாகக் குற்றச்சாட்டு. போட்டவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் மீண்டும் வேலை தருவதாகச் சொல்கிறார்.

7. அவர் கோபத்தில் நியாயமுண்டு. சாமிக்கென்று போட்டதை அவருக்கே எதிராகச் செலவழித்தோம். அதற்கு ஈடாக அவர் பேரில் இரண்டு பிடி அரிசியைச் சந்நிதி மடத்தில் சேர்ப்பித்து, அதை அவருக்கு எழுதியும் அறிவித்தேன். ஆனால் பெயர்களை எங்கே போய் எடுப்பேன்? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்பதையும் தங்களுக்கு ஒளிக்கவில்லை.

8. அப்படி எழுதுகிற நான், சென்ற வெள்ளிக்கிழமை களைத்துப்போய், எங்கள் பாடசாலையின் மற்ற ஆறு உபாத்தியாயர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று தாளும் பேனையுமாக உட்கார்ந்தேன். அவர்களில் ஒருவராவது இந்த ஆறு கிழமையில் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் கண்டாலும் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மூன்று பெயர் எழுதினேன். மற்றவற்றை விடிந்து எழுதலாம் என்று படுத்துவிட்டேன்.

9. சனிக்கிழமை மனேஜர் அவர்களின் கடிதம் வந்தது. அதன் பிரதி இத்துடன் இருக்கிறது. பறிமுதல் செய்தபோது பானையில் அரைவாசி அரிசி இருந்ததாகவும், இப்போது கழுத்துவரை ஏறியிருப்பதாகவும், ஆகவே என் சூழ்ச்சி இன்னும் நடக்கிறதென்றும் எழுதியிருக்கிறார். பானை சாட்சிப் பொருளாகக் கந்தோர் அறையில், வரவுப் புத்தகம் வைத்திருக்கும் மேசையருகே இருக்கிறதாம். அந்த ஆறு பேரும் காலையில் கையெழுத்து வைக்கப் போகும் மேசை அது.

10. கழுத்துவரை என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுகை வந்தது. முதல்நாள் எழுதிய தாளை அடுப்பில் போட்டேன்.

11. ஐயா, நான் படலைக்குள் கால் வைத்து ஆறு கிழமை. வெருட்ட ஆளில்லாத இடத்தில், மனேஜர் அவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே அரிசி ஏறியிருக்கிறது. வேறு சாட்சி என்னிடம் இல்லை. தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்து, விசாரித்து, அடுத்த தவணை தொடங்குமுன் என்னைத் திரும்ப வேலையில் சேர்க்கும்படி கட்டளையிட வேண்டுமென்று மன்றாடுகிறேன். பானையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

அச்சுவேலி,
28 பங்குனி 1938.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ப. ஞானாம்பிகை