நாயைப் பற்றி எழுதிய பக்கம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். “நான் எங்கேம்மா தப்பு பண்ணினேன்?” என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். பக்கத்தில் நின்ற அப்பா “என்னவாம், என்னவாம்” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார், உன் வகுப்புப் பிள்ளைகள் எழுதியதை அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். முப்பத்தெட்டுப் பக்கமும் வந்து சேர்ந்தன. கை சும்மா இருக்குமா, முதல் பத்துப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திவிட்டேன். “ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் யாருக்கு மார்க் போடுற?” என்று அப்பா பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு இருமல் குறைந்துவிட்டது, அதான் வாய் கூடிவிட்டது. உன் தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் காலை ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எங்களையெல்லாம் எழுப்பிவிட்டு அவள் மட்டும் தூங்குகிறாள்.

சூரிய மின் நிலையத்துக்கு ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போய்விட்டு வந்து, பிள்ளைகள் பஸ் சீட்டையும் நாயையும் பற்றி எழுதினால் தலைமையாசிரியைக்குக் கோபம் வரத்தான் செய்யும். “இதுக்கா சார் ஒரு நாள் பாடத்த விட்டோம், வகுப்புலயே படம் போட்டுக் காட்டியிருக்கலாமே” என்று அவர் கேட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அடுத்த மாதம் அணை மின் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வார் என்றாய். அதற்குள், நீங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஒதுக்கிய, அந்தப் பெண் எழுதிய நாய்ப் பக்கத்தை எடுத்து மறுபடி படி. காலையில் நாய் சூரியத் தகடுகளின் வரிசைக்கு அந்தப் பக்கம் நிழலில் படுத்திருந்ததாம், மத்தியானம் இவள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இந்தப் பக்கம் படுத்திருந்ததாம். ஏன் என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்த தகடு இப்போது மறு பக்கம் சாய்ந்திருக்கிறது, யாரும் வந்து திருப்பின மாதிரியும் தெரியவில்லை. “யார் திருப்பினார்கள் என்று கேட்கக் கையைத் தூக்கினேன், அதற்குள் சார் எத்தனை மெகாவாட் என்று கேட்டார், பஸ்ஸும் வந்துவிட்டது” என்று முடித்திருக்கிறாள். தகடு சூரியனோடு கூடவே தானாகத் திரும்பும் என்பதை நீ வகுப்பில் ஒரு வரியில் சொல்லியிருப்பாய், இவளுக்கு அதை நாய் காட்டிக்கொடுத்திருக்கிறது. படம் எடுக்கிறவன் தகட்டைத்தான் எடுப்பான், நாயை எடுப்பானா? இன்னொரு பையன், தகடு கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சுற்றிலும் கிணறே இல்லையே என்று எழுதியிருக்கிறான். அவனும் கேட்கவில்லை. இப்படிக் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தவர்கள் ஐந்து பேர்.

நடந்தது எனக்குப் புரிகிறது. “கேள்வி இருந்தா கேளுங்க பிள்ளைகளா” என்று அங்கே சுற்றிக்காட்டிய பொறியாளர் சொல்லியிருப்பார், எல்லாம் ஊமையாக நின்றிருக்கும், உனக்கு மானம் போகிற மாதிரி இருந்திருக்கும், பதில் தெரிந்த கேள்வியையே நீ கேட்டுவைத்திருப்பாய். நானும் அதே ரகம்தான். காற்றாலைக்குக் கூட்டிப்போன வருஷம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேள்வி நானே கேட்டேன். “டீச்சர் நல்லா கேக்குறீங்க, நீங்க பாஸ்” என்றார் அந்தப் பொறியாளர். வகுப்பே சிரித்தது. வீடு வந்து சேரும்வரை அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் வெள்ளிக்கிழமை வாதாடாதே. அந்த ஐந்து பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடு, “பிள்ளைங்க கேக்க வேண்டியத நான் முந்திக் கெடுத்துட்டேன் மேடம்” என்று உள்ளதைச் சொல். பிறகு அவர் பாடு. நாயைப் பற்றி எழுதிய பெண்ணிடம் போய் விடையை மட்டும் சொல்லிவிடாதே, பொறியாளருக்கு அவளே எழுதிக் கேட்கட்டும்.

கண் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே. நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நாளைக்கு முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேள், கேட்டுவிட்டு மனசுக்குள் இருபது வரை மெதுவாக எண்ணு, எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

உன் அம்மா