ரொட்டி ஊரில் என் தட்டு

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையில் இரண்டு உருளைக்கிழங்கு அவித்து, உப்புத் தொட்டுத் தின்றேன். அரிப்பு இல்லை. மதியம் கீன்வாத் தானியக் கஞ்சி, பால் ஊற்றி. நாக்கு தடிக்கவில்லை. சாயங்காலம் பசி பொறுக்காமல் வறுத்த சோளம் ஒரு பிடி. வயிறு உப்பியது. சோளத்தாலா, அழுததாலா, தெரியவில்லை.

தின்றதையும், தின்ற பிறகு உடம்பு செய்ததையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் கொச்சபம்பா நகரத்து டாக்டரம்மா. "ஈஸ்ட் ஒரு துளிகூடக் கூடாது, ஹசிந்தா. ரொட்டி, பீர், வினிகர், நாள்பட்ட பாலாடைக்கட்டி, சூப்புக் கட்டி, எதுவும் வேண்டாம்." எந்த ஊர் என்று கேட்டார். அரானி என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அரானி ரொட்டியைத் தெரியாதவர் யார்? வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்றார். அதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நிகனோரா அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் செனோனின் அக்கா. எங்கள் அடுப்பில் வேகும் ரொட்டியைச் சந்தையில் விற்பவர் அவர்தான். கூடையை இறக்கி வைத்ததும் ஆரம்பித்தார். "ரொட்டிக்காரன் பொண்டாட்டிக்கு ரொட்டி ஆகாதாம்! நாளைக்கு எவளாவது வந்து மீனுக்குத் தண்ணி ஆகலன்னு சொல்லுவா, அதையும் நம்பணும்."

"டாக்டர் சொன்னதுக்கா," என்றேன்.

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போவா. சந்தையில என்னைப் பாத்துக் கேக்கறாங்கடி, உங்க ரொட்டியில என்னத்தப் போடுறீங்க, வீட்டுக்காரியே தொடமாட்டேங்கறாளாமேன்னு."

செனோன் அடுப்புக்குள் தலையை விட்டுச் சாம்பல் கூட்டிக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்கவே இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பூசைக்கு முன் ஃபாதர் அன்செல்மோவிடம் போய்க் கேட்டேன். கேட்க வெட்கமாக இருந்தது. நற்கருணை அப்பத்தில் ஈஸ்ட் உண்டா?

"அது புளிக்காத மாவும்மா. கோதுமை, தண்ணீர். வேற ஒண்ணும் கிடையாது."

வாங்கினேன். நாக்கில் வைத்தபடி காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழுகை வந்தது. இந்த ஊரில் எனக்கு ஆகிற ரொட்டி ஆண்டவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

நேரமே இல்லை என்பதுதான் பெரிய கஷ்டம். முதல் ஈடு ரொட்டி வெளியே வந்து இரண்டாம் ஈடு உள்ளே போவதற்குள் அவருக்கும் வேலையாட்களுக்கும் சமைத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் என் தட்டு. அதனால் சட்டென்று ஆகிறவையாகப் பழகிக்கொண்டேன்:

சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற வெங்காயத் தண்ணீரில் ஊற்றிக் கிண்டினால் லாவாக் கஞ்சி. பச்சை அவரைக்கொட்டை இருந்தால் நாலு போடலாம். அடி பிடிக்கும், கரண்டியை விடக்கூடாது.

முட்டை உடைத்து ஊற்றி, அவித்த கிழங்கை நசுக்கிப் போட்டு, கல்லில் இடித்த மிளகாயும் தக்காளியும் மேலே. இதற்கு ஒரு செபமாலைப் பத்து சொல்லி முடிக்கிற நேரம்தான் ஆகிறது.

முந்தின நாளே ஊறப்போட்டு அவித்த சோளம் இருந்தால் அன்றன்றைக்குத் திரித்த பாலாடைக்கட்டி ஒரு துண்டு போதும்.

எல்லாம் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தின்று முடித்ததும் கை தன்னால் ரொட்டிக் கூடைப் பக்கம் போகிறது. பாத்திரத்தைத் துடைத்துத் தின்ன ஒன்றுமில்லாமல் சாப்பாடு முடிவதே இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

முகமெல்லாம் வீக்கம். கழுத்தில் பட்டை பட்டையாகத் தடிப்பு. மூச்சு இழுத்தால் விசில் அடிக்கிறது. ரொட்டி தொடவில்லை, பீர் இல்லை, வினிகர் இல்லை. ஆண்டவரே, பிறகு எது?

செப்டம்பர் 24, செவ்வாய்

தபாலாபீஸ் போனில் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பன்றிக்கறி வறுத்தது வரை வந்ததும் நிறுத்தினார். "எதுல வேக வச்சீங்க?"

எல்லாரும் எதில் வேக வைப்பார்களோ அதில்தான். கடைசியில் ஒரு குவளை சிச்சா ஊற்றினால்தானே கறி மினுமினுக்கும்.

"சிச்சா சோளக் கள்ளு, ஹசிந்தா. அது நுரைக்கிறது எதனாலன்னு நினைச்சீங்க?"

எதனால் என்று நான் நினைக்கவே இல்லை. ஈஸ்ட் என்றால் கடையில் வாங்குகிற பொட்டலம். சிச்சா என்றால் சிச்சா. இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தை பிறந்தாலும் செத்தாலும் ஊற்றுவது அது. அதையும் விட்டாயிற்று.

வீட்டில் சொன்னேன். செனோன் கேட்டுக்கொண்டார். அக்கா எழுந்து போய்விட்டார், பாதி கேட்கும்போதே.

அக்டோபர் 9, புதன்

அவித்த கிழங்கு. அவித்த கிழங்கு. அவித்த கிழங்கு.

அக்டோபர் 20, ஞாயிறு

சகல ஆத்துமாக்கள் திருநாள் நெருங்குகிறது, செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகிற நாள். ஃப்ளோரிக்கு இதுதான் முதல் மேசை.

போன டிசம்பரில் காய்ச்சலில் போனாள் என் மகள். ஏழு வயது. நவம்பர் முதல் தேதி மத்தியானம் வருவாள், மறுநாள் மத்தியானம் போவாள். அவளுக்கு வெள்ளைத் துணி விரித்து மேசை போட வேண்டும். ஏறிப் போக ரொட்டி ஏணி, ரொட்டிச் சூரியன், ரொட்டிக் குதிரை. நடுவில் ரொட்டிக் குழந்தை. அது அவளேதான். புறப்படும் நேரம் வந்ததும் தாய்தான் அந்தக் குழந்தையைப் பிட்டு முதல் வாய் தின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் செபிக்க வந்தவர்களுக்குப் பங்கு. தாய் தின்னாவிட்டால் பிள்ளை விடை வாங்காமல் வாசலிலேயே நிற்கும் என்பார்கள் இவர் வீட்டில்.

"இந்த வருஷம் நீங்க பிட்டுடுங்களேன்," என்றேன் செனோனிடம்.

"நான் அப்பன்டி. நான் சுடறவன். பிட்டுக் குடுக்கறவ நீ." கை மாவைத் தட்டிவிட்டு, "ஒரு வாய்தானே ஹசிந்தா. ஒரே ஒரு வாய்," என்றார்.

அவர் நம்பவில்லை. இத்தனை நாளும் நம்பவே இல்லை. இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அக்டோபர் 30, புதன்

ஈஸ்ட் இல்லாமல் ரொட்டிக் குழந்தையை நானே செய்து பார்த்தேன். கோதுமை மாவு, கொழுப்பு, சர்க்கரை, தண்ணீர், அவ்வளவுதான். கை கால் வைத்து, போர்வை சுற்றி, அடுப்போரத்தில் ஒரு தகரத்தில் வைத்தேன். கல்லாக வந்தது. எடுக்கும்போது கழுத்து முறிந்துவிட்டது.

வேலையாட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் முறிந்த அந்தத் தலையை மேல்துண்டில் முடிந்து உள்ளே கொண்டு வந்துவிட்டேன். இதை எங்கே வைப்பது? எறியவும் முடியாது, தின்னவும் முடியாது.

நவம்பர் 1, வெள்ளி

மேசை போட்டாயிற்று. கரும்பு, பூ, அவளுக்குப் பிடித்த கடலை மிட்டாய். பன்னிரண்டு மணி அடித்தபோது கதவைத் திறந்து வைத்தோம். காற்று வந்தது. செனோன், "வந்துட்டா," என்றார். முகத்தை மூடிக்கொண்டார்.

நடுவிடம் மட்டும் காலி. அக்கா, "அது என் பொறுப்பு, நாளைக்குக் கொண்டாறேன்," என்று சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் 6, புதன். கொச்சபம்பா, ஆஸ்பத்திரி

இன்றுதான் பென்சில் பிடிக்க முடிகிறது.

இரண்டாம் தேதி காலை அக்கா வந்தார். விரல் நுனியெல்லாம் சுட்டுக் கொப்பளித்திருந்தது. இத்தனை வருஷமாக விற்றவரே தவிர சுட்டவர் இல்லை. தெரிந்த வீட்டு அடுப்பில் தானே சுட்டிருக்கிறார். வெள்ளைத் துணியைப் பிரித்தார். ரொட்டிக் குழந்தை. ஃப்ளோரியைப் போல இரட்டைப் பின்னல் போட்ட, சுண்ணாம்பில் வார்த்த முகம் ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்காகக் கொச்சபம்பா சந்தை முழுக்க அலைந்தாராம். கிடைத்ததெல்லாம் ஒற்றைப் பின்னலாம்.

"உனக்குன்னு தனியாப் பிசைஞ்சேன்டி," என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "சத்தியமா ஈஸ்ட் ஒரு பொட்டுகூடப் போடல. எங்கம்மா செய்வாளே, அப்படி. சிச்சா மண்டியில புளிக்க வச்சேன். நீ பயப்படாமத் தின்னலாம். புள்ளையும் நிம்மதியாப் போவா."

வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்பே.

அறை நிறைய ஆட்கள். செபம் முடிந்துவிட்டது. செனோன் என்னைப் பார்க்கிறார். அக்கா அந்தக் கொப்பளித்த கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்க்கிறார். ஃப்ளோரி மேசைப் பக்கத்தில் நிற்கிறாள் — நின்றாள், அது எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. டாக்டரம்மா அதைத்தான் கேட்டார், ஏன் சொல்லல, ஏன் சொல்லல என்று. என்னத்தைச் சொல்ல? யாரிடம்?

காலிலிருந்து ஒரு துண்டு பிட்டேன். இனிப்பாக, மெத்தென்று இருந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு ரொட்டி. ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்கு ருசித்தது. இன்னொரு வாயும் தின்றேன்.

அதற்குப் பிறகு தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா "அய்யோ, அய்யோ" என்று கத்தியது காதில் விழுந்தது. செனோன் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, யாரோ ஒருவருடைய லாரி, அவர் சட்டை மாவு என் வாயிலெல்லாம். அவ்வளவுதான் தெரியும்.

நவம்பர் 9, சனி

டாக்டரம்மா செனோனையும் உட்கார வைத்துச் சொன்னார். தின்பது மட்டும் இல்லையாம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாகுமாம். பிசைகிற இடத்துக் காற்றும், மாவுத் தூசியும், அவர் துணியும், எல்லாம் எனக்கு ஆகாதாம். அடுப்பு இருக்கிற வீட்டில் நான் இருக்கக்கூடாதாம். "அடுத்த தடவை லாரி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்," என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். செனோன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக் கண்ணில் மாவு காய்ந்திருந்தது.

"அடுப்ப மூடிடறேன்," என்றார்.

"மூடிட்டு?"

"எதாவது செய்வேன்."

"என்னத்த செய்வீங்க?"

நகத்து மாவைச் சுரண்டினார். பன்னிரண்டு வயதிலிருந்து மாவு பிசைகிறவர். நான் அவர் சட்டையைத் தொடப் போனேன். அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். எனக்கு நல்லதுக்குத்தான். ஆனாலும்.

நவம்பர் 17, ஞாயிறு

பெரியம்மா மகள் எர்லிந்தாவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். கொச்சபம்பாவில்தான். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஜன்னல். காலை: கீன்வா. மதியம்: லாவா. மூச்சு சுத்தமாக இருக்கிறது. தோலில் ஒரு தடிப்பு இல்லை.

இவ்வளவு நல்லபடியாக உடம்பு இருந்து எத்தனை காலம் ஆயிற்று. என்ன பிரயோசனம்?

நவம்பர் 28, வியாழன்

அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன், இருந்தாலும் வேணாம்," என்றார்.

"உள்ள வாங்கக்கா."

"வேணாம்டி. நான் உன்னக் கொன்னுருப்பேன்."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

"அதான்டி," என்றார். "கெட்டதுக்குச் செஞ்சிருந்தா இப்ப மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருவேன்."

காய்ந்த அவரைக்கொட்டை ஒரு பை வைத்துவிட்டுப் போனார். செனோன் அடுப்பை மூடினாரா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கூடை சுமந்த தழும்பு தோளில் புதிதாகச் சிவந்திருந்தது.

டிசம்பர் 14, சனி

ஃப்ளோரியின் வருஷ பூசை. அரானி கோவிலில் அவர்கள், இங்கே இந்தத் தெருமுனைக் கோவிலில் நான். நற்கருணை வாங்கினேன். முன்போல அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

செனோன் ஞாயிறுதோறும் வருகிறார். அடுப்பைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. வருவதற்கு முன் பொதுக் குளியலறைக்குப் போய் வெந்நீரில் தேய்த்துக் குளித்து, இங்கேயே எர்லிந்தா வீட்டில் போட்டு வைத்திருக்கிற சட்டையை மாற்றிக்கொண்டுதான் என் அறைக்குள் வருகிறார். தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிவிட்டார், தூசி தங்காமல் இருக்க.

முட்டையும் கிழங்கும் போட்டேன். "நல்லா இருக்கு," என்றார். தட்டைத் துடைக்க அவர் கையும் ரொட்டியைத் தேடியது. பார்த்தேன். சட்டென்று மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்தார். சோப்பு வாசம் மட்டும்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாசம் எனக்குத் தெரியும். இது யாரோ மாதிரி இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். மாவு பிசைய வேண்டும் என்று சொல்லவில்லை. "கொஞ்சம் வேலை இருக்கு," என்றார். வாசலில் நின்று தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்.

"அடுத்த ஞாயிறு வர முடியாது போல ஹசிந்தா. கார்னிவல் திருவிழா வருதில்ல. அதுக்கடுத்த வாரமும் சந்தேகம்தான்."

"சரி, நீங்க வேலையப் பாருங்க," என்றேன்.

பஸ் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். நாளைக்குச் சோளம் ஊறப்போட வேண்டும். கைப் பழக்கத்தில் இரண்டு பேருக்கு இரண்டு குவளை அளந்து சட்டியில் கொட்டினேன். பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டு, பை வாயைக் கட்டி வைத்தேன்.