மெழுகு பூசிய நூல்

மச்சான்,

இன்று காலை சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் கடைக்குள் கால் வைத்ததுமே மூக்கைச் சுளித்தார். “என்ன அண்ணை, தையல் கடையில வாணிஸ் மணக்குது?” என்று கேட்டார். கதவுக்கு அடித்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் போனதும் என் விரல்களை முகர்ந்து பார்த்தேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் இந்த மணம் வந்தால் நீ கடையில் இருக்கிறாய் என்று அர்த்தம். இப்போது இது வந்தால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஏன் என்று உனக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குச் சொன்னாலும் கிண்ணியாவுக்குக் கதை போய் உன் மனைவியின் காதில் விழுந்துவிடும்.

உன் தூண்டில் தடி என்னிடம் வந்தது. கொண்டுவந்தவள் உன் மகள் பர்ஹானா. நீ போனபோது படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது ரீச்சர். இறக்கக்கண்டிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வெட்டு மேசையில் கிடந்த துணிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்த அதை விரித்து வைத்தாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கருங்கல் வெடிப்புக்குள் சிக்கிக் கிடந்ததென்று இறக்கக்கண்டி ஆட்கள் கொண்டுவந்து தந்த அன்று கடைசியாகப் பார்த்தது. முதலில் தடிதான் கிடைத்தது. அடுத்த நாள்தான் கடலில் நீ கிடைத்தாய்.

“மாமா, இதத் திருத்தித் தாங்க.”

“ஏன் பிள்ளை, சுவரில கொழுவி வைக்கவோ?”

“இல்ல. மீன் பிடிக்க. வாப்பா நின்ட கல்லிலயே.”

அவள் நிறுத்தவில்லை. “ஒவ்வொரு நாளும் அந்தக் கல்லத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போறன். அந்த இடம் வந்தா கை நடுங்குது, ஸ்கூட்டிய ஓட்ட ஏலாமப் போகுது. உம்மா அந்த ரோட்டால போறதையே விட்டுட்டா. எனக்கு அப்படி இருக்க ஏலாது மாமா. ஒருக்கா அதில ஏறி நின்டு, ஒருக்காத் தூண்டில் போட்டுட்டு வந்தா இது போயிரும். உம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

தடி உக்கிப்போச்சு பிள்ளை, இனிச் சரிவராது என்று ஒரு பொய் என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் உன்னைப் போலவே நாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் செய்யாவிட்டால் இப்படியே கொண்டுபோவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான், உன் இரத்தம் அல்லவா. அரைகுறைத் தடியோடு அந்தக் கல்லில் அவள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஓம், செய்து தாறன் என்றேன்.

துறைமுகத்தில் வேலை செய்த ஒரு கிழவரிடம் நீ இந்தத் தடியைக் கேட்டு வாங்கியதை நினைத்துப் பார்க்கிறேன். யாரோ வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி விட்டுப்போனது என்று சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் காட்டித் திரிந்தாய். மூங்கிலைக் கீற்றுக் கீற்றாகச் சீவி, ஆறு பட்டையாக ஒட்டிய தடி. நடுவில் பித்தளைப் பூட்டு. வீட்டில் பிள்ளைகள் வாணிஸில் கை வைப்பார்கள் என்று என் கடையில்தான் அதற்கு வைத்தியம் பார்ப்பாய். ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கீழே நூலைக் கொடுத்து, அது பாரத்தில் இறுகி வர, தடியை மடியில் வைத்து மெல்ல மெல்லச் சுழற்றுவாய். தூண்டில் நரம்பான தங்கூசி ஓடும் வளையத்தைத் தடியோடு சேர்த்துக் கட்ட, அதன் காலில் நூல் ஒன்றோடொன்று ஒட்டி ஏறும். “நூல் இறுகோணும் மச்சான், கை இறுகக் கூடாது” என்பாய். நான் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். நூல் பிசிறாமல் இருக்கட்டும் என்று என் தேன்மெழுகுக் கட்டியை உன் பக்கம் தள்ளுவேன். நீ ஒன்றும் பேசாமல் புறங்கையால் அதைத் தள்ளிவிடுவாய். என் மெழுகு தேய்ந்துவிடும் என்று பார்க்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தரம் என்னையும் அந்தக் கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். திருகோணமலையில் பிறந்து நீந்தத் தெரியாத ஒரே ஆம்பிளை நான்தான் என்று வழி முழுக்கப் பகிடி. நீ விளிம்பில் நிற்க, நான் பின்னால் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “விடு மச்சான், நீ தைச்ச சட்டை. கிழிஞ்சா உனக்குத்தான் கெட்ட பேர்” என்றாய். கல்லுக்கு அடியில் கடல் உள்ளே போய் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தம் என் கால் வழியாக ஏறியது. அதன் பிறகு நீ எத்தனை தரம் கூப்பிட்டும் நான் வரவில்லை. வாடைக்காற்று தொடங்கிய, நீ திரும்பி வராத அந்த நாளிலும் நீ கூப்பிட்டாய். கலியாண வீட்டுத் தையல் நிறையக் கிடக்கிறது என்றேன். அது உண்மைதான், மேசை நிறையத் துணி கிடந்தது.

தடியை வேலைக்கு எடுத்தேன். பழைய வாணிஸைச் சுரண்டினேன், உக்கிய நூலைப் பிளேட்டால் கீறி எடுத்தேன், பித்தளையில் பிடித்த களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். நுனிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நுனி வளையம் இல்லை. அது இருந்த இடத்தில் அவிழ்ந்த நூல் மட்டும் சுருண்டு கிடந்தது. அந்த வளையம் எப்போது போனது, மச்சான்? நீ விழுந்த பிறகு கல்லில் அடிபட்டுப் போனதா? இல்லாவிட்டால் பெரிய பாரை மீன் ஒன்று இழுக்க, நீ பின்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது கழன்று, அதனால்தான் நீ விழுந்தாயா? நீ போன நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடுதான் படுத்து எழும்புகிறது. யாரிடமும் கேட்டதில்லை.

அதனால்தான் இந்தத் தரம் எதுவும் அவிழக் கூடாது என்று முடிவு செய்தேன். பயந்தவன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததை இரண்டு மடங்காகச் செய்வான். தையற்காரனுக்கு நூலைப் பலப்படுத்தத் தெரிந்த வழி ஒன்றுதான். கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் நூலைப் போல, ஒவ்வொரு முழத்தையும் மெழுகில் இழுத்து இழுத்து எடுத்தேன். வழுக்கிக்கொண்டு, அழகாக, ஒரு பிசிறில்லாமல் சுற்றியது. உன் கட்டைவிட வடிவாக இருக்கிறது என்று எனக்குள் பெருமை வேறு. புதிய நுனி வளையத்தையும் அப்படியே கட்டினேன். மேலே வாணிஸ் பூசிக் காயவைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பர்ஹானா வந்து தடவிப் பார்த்து, “வாப்பா கண்டா பொறாமைப்படுவார் மாமா” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். நாளைக்கு விடியவே போகப்போகிறேன் என்றாள். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை கடை திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். தடியில் கை வைப்பதற்கு முன்னால் பழகிப் பார்க்க அதே நூலைச் சுற்றி வாணிஸ் பூசிய மூங்கில் துண்டு ஒன்று மேசைக்கடியில் கிடந்தது. எடுத்து நகத்தால் சும்மா தட்டினேன். வாணிஸ் வெங்காயத் தோல் மாதிரிக் கழன்று கையோடு வந்தது. அடியில் நூல் ஒரு சொட்டு வாணிஸையும் குடிக்கவில்லை. மெழுகு விடவில்லை. பெருவிரலால் தள்ளினேன், முழுக் கட்டும் மூங்கிலில் சறுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் உன் புறங்கை எனக்கு விளங்கியது.

அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். கடையை இழுத்துச் சாத்திவிட்டு, பூட்டினேனா என்றுகூடத் தெரியாமல், சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறினேன். “இறக்கக்கண்டிக்கு விடு தம்பி. கெதியா.” நிலாவெளி தாண்டும்வரை அந்தப் பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். “ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ ஐயா?” என்று கேட்டான். நான் திரும்பவும் அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். நான் கட்டியது அவளைக் கொல்லப்போகிறது, அதே கல்லில், அதே தடியோடு. உன் மனைவியிடம் போய் எப்படி நிற்பேன்? பிள்ளை கல்லுக்குப் போனது தாய்க்குத் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் நான். இப்படி ஒரு பயத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்தபோதும் பட்டதில்லை.

ரோட்டோரம் அவளுடைய ஸ்கூட்டி நின்றது. கல்லின் கடைசி விளிம்பில் அவள் நின்றாள், முக்காட்டைக் கழுத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூண்டிலைப் போட்டுவிட்டு, கடலையே பார்த்தபடி. கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கல்லில் ஏறினேன். பாசி. நிமிர்ந்து நிற்க ஏலவில்லை. என் வயதில், கரையில் ஓட்டோக்காரப் பையன் பார்த்துக்கொண்டு நிற்க, குழந்தைப்பிள்ளை மாதிரி நாலு காலில் தவழ்ந்தேன். பாதி வழியில் ஒரு அலை ஏறி வந்து என்னை முழுக்க நனைத்தது. சிப்பி அறுத்துக் கை இரத்தம். அதற்கு மேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

“மாமா!”

எப்படித் திரும்பிப் பார்த்தாளோ தெரியாது. தடியின் அடியை வெடிப்பில் குத்தி வைத்துவிட்டு ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். “நீந்தவும் தெரியாம எதுக்கு மாமா வந்தனீங்க? பைத்தியமா உங்களுக்கு?” என்று என்னை ஏசிக்கொண்டே இழுத்தாள். நான் மெழுகு, மெழுகு என்று உளறினேன்.

அவள் எனக்கு முதுகைக் கொடுத்துத் தூக்கிவிட்ட நேரம்தான் தூண்டிலை மீன் கவ்வியது. தடி வில்லாக வளைந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். நுனி வளையம் அப்படியே வழுக்கிக் கழன்றது. அதற்குக் கீழே இருந்ததும் சறுக்கியது. ரீலிலிருந்து போன தங்கூசி அவிழ்ந்த நூலில் சிக்கி, படார் என்று அறுந்தது. தடி வெடிப்பிலிருந்து துள்ளிப் பின்னால் வந்து, அவள் நின்ற இடத்தில், ஈரக் கல்லில் விழுந்து உருண்டது. அந்த இடத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் கடல்.

என் கையை விடாமல், தடியையே பார்த்தபடி கேட்டாள்.

“வாப்பாக்கும் இப்படித்தானா மாமா?”

“தெரியாது பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“நானும் எந்த நாளும் அதத்தான் நினைக்கிறது” என்றாள். அதைச் சொல்லிவிட்டு, கல்லிலேயே உட்கார்ந்து, சின்னப்பிள்ளையில் அழுத மாதிரி அழுதாள். நானும் அழுதேன். ஓட்டோக்காரப் பையன் தண்ணீர்ப் போத்தலோடு பாதித் தூரம் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

பிறகு எல்லாவற்றையும் பிரித்தேன். மூங்கிலில் மெழுகின் வழுவழுப்புப் போகும்வரை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துக் கை எரிந்தது. மெழுகு படாத வெறும் நூலை ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கீழே கொடுத்துச் சுற்றினேன். பிசிறிக்கொண்டுதான் வந்தது, வடிவில்லை. ஆனால் வாணிஸை வைத்ததும் நூல் அதை உறிஞ்சிக் கறுத்ததைக் கண்ணால் பார்த்தேன். காய்ந்த பிறகு ஒவ்வொரு வளையத்திலும் மெஷின் தலையைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அப்படியும் நம்பிக்கை வராமல் திரும்பவும் தூக்கினேன்.

நேற்று அவளோடு நானும் போனேன். மணலில்தான் இருந்தேன், கல்லுப் பக்கம் கூட்டிப்போகக் கூடாது என்று முதலே சொல்லிவிட்டேன். அவள் விளிம்புக்குப் போகவில்லை. நடுக் கல்லில் நின்று வீசினாள். ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

“பயம் போச்சா பிள்ளை?”

“முழுக்க இல்ல. ஸ்கூட்டி ஓட்ட இவ்வளவு போனாப் போதும்.”

இன்று விடிய, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடித்தாள். நான் கேட்டுக்கொண்டதுதான். அது வரும்வரை கத்தரிக்கோலைத் தொட முடியவில்லை. வெட்டியிருந்தால் யாருடைய காற்சட்டையோ கோணலாகப் போயிருக்கும்.

உனக்குத் தெரியும், எனக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடமும் நான் பயந்ததெல்லாம் என் உயிருக்கு. நீ அதைத்தான் பகிடி பண்ணினாய். அந்தக் கல்லில் தவழ்ந்தபோது எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பும் இருக்கவில்லை, மச்சான். பிள்ளை பெற்றவர்கள் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் பயப்படுகிறீர்களா? அவள் முதன்முதல் சைக்கிள் ஓடிய நாளில், சோதனை எழுதப் போன நாளில், காய்ச்சலோடு படுத்திருந்த நாளில் நீ என் கடைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தது இதனால்தானா? நான் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்துவிட்டு என் பாட்டில் தைத்துக்கொண்டிருந்தேனே.

நீ இருந்தால் நீ பட வேண்டிய பயம் இது. தடியை அவளிடம் கொடுத்துவிட்டேன். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.