கடலுக்கும் சூடு

கண்ணு,

நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது! இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, எல்லாம் மலையில் பெய்த தண்ணீர். சலவைப் பட்டறையில் பனியன் துணியை அப்படியே போட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடினேன்.

போன வருடம் குளிர்ந்து கிடந்த கடல் இந்த வருடம் சூடேறியிருக்கிறது, மழை பலமாக இருக்கலாம் என்று கப்பலிலிருந்து நீ உன் அம்மாவுக்குத்தானே எழுதியிருந்தாய்? எனக்கும் படித்துக் காட்டினாள்.

"ஏனுங்க, கடலுக்குச் சூடுன்னா வெளக்கெண்ணெய் வெச்சாப் போதாதுங்களா?" என்றாள். சிரித்தேன். ஆனால் துணி வெளுக்கத் தண்ணீர் வரும் என்று உன்னை நம்பித்தான் பட்டறையை விற்காமல் வைத்திருந்தேன்.

கடலுக்குள் தெர்மாமீட்டர் விடுவதும் ஒரு வேலையா என்று இந்த வீட்டில் இனி யாரும் கத்தமாட்டார்கள்.

கடலை அளந்தது போதும். ஒரு தடவை வந்து என் சூட்டையும் அளந்து பார். ரொம்பவே இறங்கியிருக்கிறது.

உன் அப்பன்