கோபாலபுரம் கேசட்

6-11-95, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். பால் தாமதம். மாடிக் கதவு ஈரத்தில் ஊதிப்போய்ச் சாத்த முடியவில்லை. தச்சரிடம் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு சம்பத் குடையோடு வந்தார். ‘ஐவர்’ இசைக் குழுவின் தலைவர், வயலின் சேஷாத்ரிக்கு ரசிகர்கள் எழுதும் கடிதம் தயார். சாரம்: ரங்கன் அமெரிக்காவிலிருந்து திரும்பிவிட்டார். கஞ்சிராவுக்கு அவரையே மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாக வாசிக்கும் தாமோதரனைக் ‘கௌரவமாக விடுவிக்க’ வேண்டும். அனுப்பிவிடுங்கள் என்பதுதான் பொருள்.

“சேஷாத்ரியே சொல்லிட்டார் ஓய், ரசிகாள் சொல்றபடின்னு. பத்தொம்பதாந் தேதி ஞாயித்துக்கிழமை ஆத்துக்கே போய்க் குடுத்துடறோம். உம்ம கோபாலபுரம் கேசட்டையும் நல்ல காப்பியா ஒண்ணு எடுத்துத் தாரும். அதுதான் ஆதாரம். முதல் கையெழுத்து நீர்.”

போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு பேர். தாமோதரன் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் போட்டேன்.

அந்த கேசட் பற்றி: 15-8-92, கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத் தகரக் கொட்டகை. மற்ற நால்வரும் நிறுத்திவிட, ரங்கன் தனியாக வாசித்த பதினொரு நிமிடம். பதிந்தது நான். ஊரில் உள்ள பிரதிகள் எல்லாம் என்னிடமிருந்து போனவை. தினமும் விளக்கு வைத்த பிறகு அதைத்தான் கேட்கிறேன். கண் மூடினால் யாரோ இருட்டில் படி இறங்கி வருவது போல இருக்கும்.

8-11-95, புதன்

வானம் மூட்டம். மழை இல்லை. வலது முழங்கால் வலி.

நேற்று பாண்டி பஜார் பக்கம் யூசுப் பாய் கடை. ரேடியோ, டேப் ரிப்பேர். எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஒருவர். டெக்கின் ஹெட்டைத் துடைத்துத் தந்தார். தலையில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் ஒன்று இரவல்.

“ஒரிஜினல்லருந்து எடுங்க சார். காப்பிக்குக் காப்பி எடுத்தா அது கூழு.”

பேச்சு வழக்கம்போல எந்த வருடத்து செட் உசத்தி என்பதில் போய் நின்றது. பத்து வருடத்தில் குழல் மூன்று பேர், கிட்டார் இரண்டு பேர் மாறியாயிற்று. முன்கூட்டிப் பட்டியல் கிடையாது. மேடையில் ஒருவர் தொடங்க, மற்றவர் பின்னால் போவார்கள். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது. அதனால்தான் இத்தனை கேசட், இத்தனை சண்டை.

சம்பத்: 89 செட். அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர் விட்ட காபி.
யூசுப் பாய்: 94 செட், புதுக் குழலுக்காக. “ஒங்க ரங்கனும் நல்லாத்தான் வாசிப்பாரு. ஆனா கையில கஞ்சிரா, கண்ணு கூட்டத்து மேல.”
நான்: கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் என்பேன். மனதுக்குள் 92.

இன்று பிற்பகல் மூல கேசட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். தேய்ந்துவிடக் கூடாது என்று மூன்று வருடமாகத் தொடவில்லை. பிரதியைத்தான் கேட்டுவந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மழை பெய்தது.

ஹெட்போனைக் கழற்றி ஜன்னலைப் பார்த்தேன். வெளியே காய்ந்த தெரு. மறுபடி மாட்டினேன். தகரத்தின் மேல் மழை, ஒரே சீராக. ஓரத்தில் வாளியில் சொட்டும் சத்தம் தனியாக. பிரதிகளில் நாடா இரைச்சல் என்று நாங்கள் நினைத்தது இதுதான். மழைக்குள்ளிருந்து கஞ்சிரா எழுந்து, கொஞ்ச தூரம் போய், மழையிலேயே கரைந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது சிறிது நேரம் தெரியவில்லை.

பிறகுதான் தோன்றியது. அந்த ஆகஸ்ட் 15 அன்று மழையா?

9-11-95, வியாழன்

தூக்கம் சரியில்லை. பழைய டைரிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். தும்மல்.

15-8-92: “கடும் வெயில். கொட்டகையில் விசிறி ஓடவில்லை. சம்பத் சட்டையைக் கழற்றிவிட்டார். ரங்கன் அபாரம்.”

7-11-92: “அதே கொட்டகை. பலத்த மழை. ரங்கனுக்குப் பதில் தாமோதரன் என்று ஒரு புதியவர். இடைவேளையில் சம்பத், யூ. பாய், மற்றவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்கு வரிசையில் எல்லார் முழங்காலையும் தாண்டிப் போகக் கூச்சம். உட்கார்ந்துவிட்டேன். கஞ்சிரா சுமார்.”

சுமார். என் கையெழுத்து.

அடுத்து, 7-11-92 என்று லேபிள் ஒட்டிய மூல கேசட்டை முதலிலிருந்து போட்டேன். கச்சேரி தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஓர் ஆசிரியை: “மிட்டாய் வாங்காத பிள்ளைகள் மட்டும் வரிசையில் வரவும்.” ஆகஸ்ட் 15, கொடியேற்றிய நாள். பிரதி எடுக்கும்போது அந்தப் பகுதியைக் கேட்காமலே ஓட்டித் தாண்டிவிடுவது என் வழக்கம்.

ஆக, லேபிள்கள் இடம் மாறியிருக்கின்றன. நாங்கள் கொண்டாடியது தாமோதரன். தாமோதரன் வாசிப்பு என்று புதிதாக வருபவர்களுக்கு சம்பத் போட்டுக்காட்டி, “இது கஞ்சிராவா, அப்பளம் நொறுக்கறதா?” என்று சிரிக்கவைப்பது ரங்கன்.

எப்படி நடந்தது என்றும் தெரிகிறது. என் மனைவி கமலா அந்த நவம்பரில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். “நீங்க போயிட்டு வாங்கோ, வந்து எப்படி இருந்ததுன்னு சொல்லுங்கோ” என்று அவள்தான் அனுப்பினாள். போனேன். உடல்தான் போனது. திரும்பி வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாதம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிசம்பரில் ஒரு நாள், செய்வதற்கு எதுவும் இல்லாமல், அந்த வருடத்து லேபிள்கள் அத்தனையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

மூன்று வருடமாக நான் கேட்டுவந்தது அந்த இரவின் மழை.

10-11-95, வெள்ளி

காலை யூசுப் பாய் கடை. எதுவும் சொல்லாமல் கேசட்டை மட்டும் போட்டேன். இரண்டு நிமிடம் கேட்டார்.

“மழை ஊத்துதே சார். ஆகஸ்ட்ல நம்ம வேர்த்து நனைஞ்சோம். இது எப்புடி?” சத்தத்தைக் கூட்டிவிட்டு அவரே, “அல்லா. அன்னைக்கு நாம எந்திரிச்சுப் போயிட்டோமே” என்றார்.

மழையைக் கேட்டது என் காது மட்டும் இல்லை. தெம்பு வந்தது. மாலை மயிலாப்பூருக்கு, சம்பத் வீடு. அடை. வெல்லம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டைரிகளைக் காட்டினேன்.

“லேபிள் உம்ம கை. நாப்பது வருஷம் காலேஜ் லைப்ரரில புஸ்தகத்துக்கு நம்பர் போட்டவர் நீர். உம்ம லேபிள் தப்பாகாது. காதுதான் தப்பு. வயசு என்ன ஆறது?”

யூ. பாய் கேட்டதையும் சொன்னேன். மாமி சமையலறைக்குள் போனதும் குரலை இறக்கினார்.

“சரி, தப்புன்னே வெச்சுப்போம். இருபத்திரண்டு பேர். ஊர் பூரா அந்த கேசட்டை வெச்சிண்டு பேசினோம். இப்போ போய், எங்களுக்குக் காதே கிடையாதுன்னு நாமளே சொல்லிக்கணுமா? பேசாம இரும் ஓய். கேசட்டைத் தர வேண்டாம், அவ்வளவுதானே. லெட்டர் மட்டும் போகட்டும்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். சம்பத்தை விட்டால் என் வீட்டுக்கு வருகிறவர் யார்? பால்காரர்.

11-11-95, சனி

லேசான வெயில். ரங்கநாதன் தெரு. தாமோதரன் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் துண்டு, போர்வைப் பகுதியில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வா சார். இன்னா வோணும்? ஈரிழையா, தேங்காப்பூ துண்டா?”

ஈரிழை என்றேன். பின்னால் ஒரு கும்பல் நெருக்கியது. துண்டை வாங்கிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன்வரை வந்துவிட்டேன். கோழை.

13-11-95, திங்கள்

மறுபடி. இன்று தேங்காய்ப்பூ துண்டு.

பை போடும்போது, “டீ சாப்பிடலாமா?” என்று என் வாய் கேட்டது. அவருக்கும் சாப்பாட்டு நேரம். தெருமுனை டீக்கடை. கேசட் பற்றி ஆரம்பித்தேன்.

“கோபாலபுரம் கேசட்டா? எங்கைல கீது சார். சம்பத் சார் குடுத்தாரு. இத்த கேட்டு கத்துக்கோன்னாரு. டெய்லி கேப்பேன். அந்த அடி வழுக்கிக்கினு எறங்குதே, அந்த எடம். மூணு வருசமா ட்ரை பண்ணிக்கினு கீறேன். வரல சார். அவரு கை வேற.”

சொல்லிவிட்டேன். டைரி, மழை, மிட்டாய், எல்லாம். என் மனைவி பற்றி மட்டும் சொல்லவில்லை. கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் டீ டம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

“மொத தபா கேட்டப்பவே தோணிச்சு. இது நம்ம கை மாதிரி கீதேன்னு. அப்பால பாத்தா லேபிள்ல உங்க எழுத்து. இம்மாம் படிச்சவரு தப்பா எழுதுவாரான்னு வுட்டுட்டேன். நாம வாசிக்கச்ச நமக்கு எங்க சார் கேக்குது?”

விரல்கள் பெஞ்சின் மேல் தானாக ஓடின. பாதியில் நிறுத்திவிட்டு, விரல்களையே பார்த்தார்.

“அப்ப மூணு வருசமா என்னியவே நான் காப்பி அடிச்சிக்கினு இருந்தேனா?”

சேஷாத்ரியிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

“வோணாம்னா வுடு சார். உங்க தோஸ்துங்கோ கோச்சிப்பாங்கோ. எனக்கு இன்னா, துண்டு விக்கிற வேல கீது.” டீக்கு அவரே கொடுத்துவிட்டார். “ரெண்டு துண்டு வாங்கிக்கினீங்க இல்ல, சரியாப் போச்சி.”

16-11-95, வியாழன்

மழை. வெளியே போகவில்லை. காய்ச்சல் போல, ஆனால் காய்ச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். இரண்டாவது அரைப் பக்கம். மூன்றாவது: ‘லேபிள் மாறிவிட்டது. வாசித்தது தாமோதரன். தவறு என்னுடையது.’ இவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு சந்தேகம். நேரில் கேட்டபோது சுமார். ரங்கன் பெயர் ஒட்டியதும் கண்ணீர். அப்படியானால் நான் இத்தனை வருடம் கேட்டது எதை?

18-11-95, சனி

பகலில் மழை விட்டது. அடையாறில் ஐவர் கச்சேரி. திறந்த மேடை, கடற்காற்று. பாட்டரி புதிது போட்டும் பதியும் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன். முக்கால் மணி கழித்துத்தான் தெரிந்தது.

தாமோதரன் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. வழக்கமான அவசரம் இல்லை. குழல் தனியாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார், வெகு நேரம். பிறகு ஒரே ஓர் அடி. கிட்டார்க்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஓர் அடி. அதற்குப் பிறகு எது யாருடைய சத்தம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மரங்கள், காற்று, கம்பி எல்லாம் ஒன்றாக.

சம்பத் பக்கத்தில்தான். “இன்னிக்கு ரொம்ப அடக்கி வாசிக்கறான். லெட்டர் விஷயம் தெரிஞ்சிருக்கும்.”

நன்றாக இருந்ததா? எழுதத் துணிவில்லை. வீடு வரும்வரை கால் வலி தெரியவில்லை என்பது மட்டும் உண்மை.

19-11-95, ஞாயிறு

காலை எட்டிலிருந்து பலத்த மழை. ஆழ்வார்பேட்டை, சேஷாத்ரி வீடு. சம்பத், யூ. பாய், நான். கேசட் என் சட்டைப்பையில். சம்பத்துக்குத் தெரியாது.

காபி. சம்பத் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். சேஷாத்ரி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரைப் படித்தார். என் பெயர்.

“அதை அடிச்சுடணும்” என்றேன்.

சம்பத் என் தொடையை அழுத்தினார். மூன்று வாக்கியத்தில் இரண்டாவதை முதலில் சொல்லிவிட்டேன். “வாசிச்சது தாமோதரன்.” எது, எங்கே என்று சேஷாத்ரிக்குப் புரியவில்லை. கேசட்டை எடுத்து நீட்டினேன். உறை கீழே விழுந்தது. யூ. பாய்தான் எடுத்து, “சார் சொல்றது கரெக்ட்டுங்க. நானும் கேட்டேன்” என்று மீதியைச் சொன்னார்.

“இவருக்கு உடம்பு சரியில்லை” என்றார் சம்பத். “லேபிளைப் பாருங்கோ, தெளிவா எழுதியிருக்கு.”

சேஷாத்ரி லேபிளைப் பார்க்கவில்லை. கடிதத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டு, கேசட்டை டெக்கில் போட்டார்.

பதினொரு நிமிடம். உள்ளே ஒரு மழை, வெளியே ஒரு மழை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. சேஷாத்ரி கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரல்களை மட்டும் அசைத்தார், வயலின் பிடித்திருப்பது போல. யூ. பாய் சுவரில் சாய்ந்துவிட்டார். நான் சம்பத்தைப் பார்க்கப் பயந்து என் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வழுக்கி இறங்கும் இடம் வந்தது.

“பேஷ்” என்றார் சம்பத்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். முகம் சிவந்துபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. கடைசி அடிவரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். நாடா ஓடி, மழை மட்டும் கொஞ்ச நேரம், பிறகு டக்கென்று நின்றது.

சேஷாத்ரி கண்ணைத் திறந்து மேஜையைத் தேடினார். வெறும் டம்ளர்கள்.

“அந்த லெட்டர்?”

“எந்த லெட்டர்?” என்றார் சம்பத், சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு.