சில்கே பார்க்கவில்லையாம்

அன்புள்ள அப்பா,

உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். மூச்சு வாங்குவது குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டது, நான் நலம்.

ஆய்வகத்தில் ஒரு சின்னச் சலசலப்பு, அவ்வளவுதான். உடலில் ஓயாத அழற்சி அனுப்பும் சமிக்ஞைகள் இதயச் செல்களைச் சீக்கிரமே கிழடாக்குகின்றன என்று சொல்லியிருந்தேனே? அதை ஒரு மருந்தால் தடுத்தோம். எலிகளின் இதயம் இளமையாகவே இருந்தது. ஆனால் மாரடைப்பு வந்த எலிகளுக்கு இதயக் காயம் ஆறவே இல்லை. நீங்கள் அனுப்பும் தேயிலையை என்னோடு பகிர்ந்து குடிக்கும் தோழி சில்கேயும் நானும் ஒரே நுண்ணோக்கியில் மாறி மாறிப் பார்த்தோம். "ஐயோ நெர்மின், கிழிஞ்ச துணி மாதிரில்ல இருக்கு!" என்று முதலில் கத்தியவளே அவள்தான்.

பேராசிரியர் கட்டுரையில் அதை மட்டும் விட்டுவிட்டார். கூட்டத்தில் ஏன் என்று கேட்டேன். அவர் சில்கேயைப் பார்த்தார்.

"நான் அப்படி எதையும் பார்க்கலையே," என்றாள்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி பொய் சொன்ன?"

"என் வேலை நிரந்தரம் ஆகப்போகுது. நீயும் பேசாம இரேன்."

மாரடைப்பு வந்து பிழைத்த உங்களைப் போன்றவர்களும் நாளை அந்த மருந்தை விழுங்கலாம். அதனால் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, நுண்ணோக்கியில் எடுத்த படங்களை அதை வெளியிடவிருந்த ஆய்விதழுக்கு அனுப்பினேன். கட்டுரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் வேறு வேலை தேடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நம் ஊர் ரிஸேயிலிருந்து தேயிலை அனுப்பும்போது சின்னப் பொட்டலமே போதும். இப்போது நான் ஒருத்திதான் குடிக்கிறேன்.

டிராம் வந்துவிட்டது அப்பா.

உங்கள் மகள்,
நெர்மின்